பழனிசாமி ஒழித்த சத்தங்கள்

சென்னையிலிருந்து கடிதம் வந்தது இந்திராணிக்கு. பிரித்துப் படித்தவன் அவள் அண்ணன் பழனிசாமி. போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டில் அந்த வீட்டு வாசலுக்கு எது வந்தாலும், தபாலோ மீன்காரியோ, முதலில் போய் விசாரிப்பது தன் பொறுப்பு என்று நினைக்கிற மனுஷன். அந்தப் பொறுப்புணர்ச்சிக்கு அன்றைக்கு நல்ல சூடு கிடைத்தது.

எழுதியிருந்தவர் விசாலாட்சி அம்மாள். மெட்ராஸில் பெண்களை மட்டுமே வைத்து ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறவர். குழுவில் கிட்டார் வாசித்த பெண் கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போய்விட, ஆள் தேடிக்கொண்டிருந்தார். யார் வாய் வழியாகவோ அந்தச் செய்தி போர்ட் பிளேர் வரைக்கும் வந்தது. இந்திராணி தன் வாசிப்பை ஒரு டேப்பில் பதிந்து போன கப்பலில் அனுப்பியிருந்தாள். அதற்குத்தான் இந்தப் பதில்.

‘நீங்கள் நன்றாக வாசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஏனென்றால் டேப் முழுக்க யாரோ அப்பளம் பொரிக்கிறார்கள். நடுவில் ஒரு கோழி முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டுகிறது. கடைசியில் ஓர் ஆண் குரல், ருக்கு, டிரம்மு ரொம்பிருச்சு, வாளிய வையி என்று கத்துகிறது. சுத்தமாக இன்னொன்று பதிந்து அடுத்த கப்பலில் அனுப்புங்கள். தீபாவளிக் கச்சேரிகள் நெருங்குகின்றன. வேறொரு பெண்ணும் கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது.’

அப்பளம் பொரித்தது தகரக் கூரையில் பெய்த மழை. கோழி, பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவுடையது. அந்த ஆண் குரல் யாருடையது என்று பழனிசாமிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற டிரம் நிரம்பினால் அந்த வீட்டில் கூப்பாடு போடுகிற ஆள் ஒருவன்தான்.

இந்திராணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவனும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பான். அவள் சும்மா இருந்ததில்தான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பின்வீட்டு வங்காளிக்காரி ஷெஃபாலி தீதியிடம் சின்ன வயதில் விளையாட்டாகக் கற்றுக்கொண்டது அந்த ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கி வழுக்கி வாசிப்பது. பின்னால் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மின்சாரத்தில் பாடுகிற கிட்டாரையே கல்கத்தாவிலிருந்து வரவழைத்துவிட்டாள். அதை வைத்துக்கொண்டு இந்தத் தீவில் என்ன செய்வது? பொங்கல் விழாவில் ஒரு தடவை, துர்கா பூஜைப் பந்தலில் ஒரு தடவை, மிச்ச நாளெல்லாம் டைப்ரைட்டர். மெட்ராஸ் குழுவில் சேர்ந்தால் வாசிப்பதே வேலை. வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதைத் தன் தொண்டையாலேயே கெடுத்துவிட்டோமே என்று பழனிசாமி உள்ளுக்குள் குமைந்தான்.

“அடுத்த டேப்பு எம்பொறுப்பு” என்று அறிவித்தான். “பில்குல் சத்தம் இருக்காது. கொசு பறந்தாக்கூடக் கேக்கப்படாது.”

“கத்தாம சொல்லுங்க, புள்ள தூங்குது” என்றாள் அவன் மனைவி ருக்கு.

கப்பல் வந்தது. கூடவே மழையும் வந்து ஊரிலேயே தங்கிவிட்டது. ஹேடோ துறையில் கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நாட்களில் கூரை ஓயாமல் அதிர்ந்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கிட்டாரைப் பற்றி நினைக்கவே வழியில்லை. பழனிசாமி வெளியே வந்து வானத்தைப் பார்ப்பதும், உள்ளே போய்ப் பெருமூச்சு விடுவதுமாக இருந்தான். கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் காலையில், யாரோ குழாயை மூடியது மாதிரி மழை நின்று சுள்ளென்று வெயில் அடித்தது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கும் தங்கைக்கும் சேர்த்து அலுவலகங்களுக்கு லீவு சொல்லி அனுப்பினான். அவன் வேலை பார்த்தது துறைமுகத்துக் கிடங்கில், ஸ்டோர்கீப்பராக. கம்பியும் பல்பும் பிளக்கும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே மின்சாரம் முழுவதும் தனக்குப் பாடம் என்று நம்பினான். வீட்டு வயரிங் அவன் கைவேலை. வால்வு ரேடியோவின் முதுகில் கிராமபோனுக்கென்று இருந்த துளையில் கிட்டாரைச் செருகி, ரேடியோவையே ஒலிபெருக்கியாக்கியதும் அவன்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ரேடியோவுக்கு எர்த்து. ரேடியோவின் பின்னாலிருந்து ஒரு தாமிரக் கம்பியை எடுத்துச் சுவரேற்றிக் கூரைத் தகரத்தில் முறுக்கியிருந்தான். “இம்மாம் பெரிய தகரம். ஊரு கரண்டையே முழுங்கும்” என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டுவான். வந்தவர்களும் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு அவன் சத்தங்களை வேட்டையாடக் கிளம்பினான். சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்தினான். சொட்டுகிற குழாய்க்குத் துணி கட்டினான். கைக்குழந்தையை ஷெஃபாலி தீதி வந்து வாங்கிக்கொண்டாள். “பச்சா மேரே பாஸ் ரஹேகா, தும் லோக் ஆராம் சே கரோ” என்று, குழந்தை தன்னிடம் இருக்கட்டும், நிதானமாகச் செய்யுங்கள் என்ற அர்த்தத்தில் அவள் சொன்னதற்குப் பழனிசாமி உதட்டில் விரலை வைத்து “ஷ்ஷ்” என்றான். இன்னும் டேப் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

கோழிக்காகப் பொன்னம்மாவிடம் போனான்.

“எங்கோழி ஒந்தங்கச்சிக்குப் போட்டியா பாடுதாக்கும்?” என்றாள் பொன்னம்மா.

“பாடிருச்சுக்கா. மெட்ராஸ் வரைக்கும் கேட்டிருக்கு.”

அந்தக் கௌரவத்தில் குளிர்ந்துபோய் அவளே கோழிகளைக் கூடை கவிழ்த்து மூடினாள்.

கடைசியாகக் கொடிக்கம்பி. வீட்டின் பக்கவாட்டில் ருக்கு துணி காயப்போடுகிற இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை மண்ணில் ஆழமாக இறக்கிய பழைய தண்டவாளத் துண்டில் கட்டியிருந்தது. மறு முனையில் ஒரு கொக்கி, அது கூரைத் தகரத்தின் ஓரத்து ஓட்டையில் மாட்டியிருந்தது. காற்றடித்தால் கொக்கி தகரத்தில் உரசிக் கிறீச் கிறீச்சென்று பல்லைக் கூச வைக்கும். பழனிசாமி ஸ்டூலில் ஏறிக் கொக்கியைக் கழற்றிக் கம்பியைச் சுருட்டித் தண்டவாளத்தின் தலையில் மாட்டினான்.

ருக்கு ஒரு கூடை ஈரத்துணியோடு வந்து நின்றாள். “நாலஞ்சு நாளா வெயிலக் காணல. புள்ளைக்குக் கட்ட ஒரு முழம் காஞ்ச துணி இல்ல. இன்னிக்குப் போயி கொடிய அவுக்குறீங்களே, நல்லாருக்கா இது?”

“ஒரு மணி நேரம் பொறுடி. இந்திராணி வாழ்க்கை இதுல இருக்கு.”

நாத்தனார் மேல் அவளுக்கும் உயிர்தான். கூடையை நிழலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

டேப் ரிக்கார்டர் அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் துரைசாமியுடையது. தீபாவளிச் சரக்கெடுக்க அவரும் அதே கப்பலில் மெயின்லேண்டுக்குப் போகிறார். சாயங்காலம் தானே வந்து ரிக்கார்டரையும் டேப்பையும் எடுத்துக்கொள்வதாகவும், மெட்ராஸில் இறங்கியதும் டேப்பை விசாலாட்சி அம்மாள் கையிலேயே கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். ஆக, சாயங்காலம் வரைக்கும்தான் அவகாசம்.

இந்திராணி பாயில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டாள். ரேடியோவின் முன்னால் மைக்கை ஒரு தலையணைமேல் வைத்தார்கள். கடிகாரம் இல்லை, கோழி இல்லை, குழந்தை இல்லை. வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்து பழனிசாமி பார்த்ததில்லை. பெருமையோடு ரேடியோவின் குமிழைத் திருகினான்.

ம்ம்ம்ம்ம்ம் என்று ரேடியோ உறுமியது.

சின்ன உறுமல் இல்லை. மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அது போதாதென்று அதற்கு மேல் கீ கீக் கீ கீ என்று ஏதோ கத்திற்று. துறைமுகத்தில் நிற்கிற கப்பல் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்த தந்திச் சத்தம், அழைக்காத விருந்தாளியாய் கிட்டாருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

“அண்ணே, இது முன்னால இல்லியே” என்றாள் இந்திராணி. “போன தடவகூட இந்த எரைச்சல் இல்ல. மழைதான் இருந்துச்சு.”

“பவர்ஹவுஸ் கோளாறா இருக்கும்” என்றான் பழனிசாமி. அவனுக்குப் புரியாத எல்லாமே பவர்ஹவுஸ் கோளாறுதான். பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினான். உறுமல் குறையவில்லை. வீட்டிலிருந்த பல்பையெல்லாம் கழற்றினான். அதற்கும் குறையவில்லை. கிட்டாரின் வயரைச் சுருட்டினான், நீட்டினான், மேஜைக்கு அடியில் விட்டான். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த அறையில் வைத்தான், அங்கேயும் அது அதே சுருதியில் பாடியது. பிறகு திடீரென்று ஞானம் வந்தவனாய் இன்னொரு தாமிரக் கம்பியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

“எர்த்து பத்தல” என்று மேலிருந்து விளக்கினான். “டபுள் எர்த்து குடுத்தா தீந்துச்சு.”

தகரத்தில் இன்னொரு முறுக்கு. இறங்கி வந்து குமிழைத் திருகினான். உறுமல் இருந்தபடியே இருந்தது. கப்பல் தந்தி மட்டும் இன்னும் தெளிவாகக் கேட்டது. படிக்கத் தெரிந்திருந்தால் கேப்டன் என்ன சொல்கிறார் என்றே எழுதிக்கொண்டிருக்கலாம்.

பொழுது உச்சி தாண்டிச் சாய்ந்தது. கடல் பக்கம் மேகம் கறுத்துத் திரள ஆரம்பித்தது. பழனிசாமியின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் திருகாத குமிழ் இல்லை, தட்டாத பெட்டி இல்லை. இந்திராணி அந்த உறுமலோடேயே ஒரு தடவை வாசித்துப் பதிந்து கேட்டுப் பார்த்தாள். வாசிப்பு எங்கேயோ பாதாளத்தில் கேட்டது. அவள் இரும்புத் துண்டைக் கீழே வைத்தாள்.

“விட்டுருண்ணே” என்றாள். “நமக்கு இல்லேன்னு இருக்கு. அந்தப் பொண்ணாச்சும் போகட்டும்.”

அழுகிற குரல் இல்லை அது. கட்டி முடிக்காத பூவை எடுத்து ஓரமாய் வைக்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். முதல் டேப்பைக் கத்திக் கெடுத்தேன், இரண்டாவதை எப்படிக் கெடுத்தேன் என்றுகூடத் தெரியவில்லையே என்று பழனிசாமி நினைத்தான். நினைத்ததை அப்படியே சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவனுக்கு வாயில் வந்தது வேறு.

“எல்லாம் இந்த வீட்டுல ஆளுக்காள் மூச்சு விடுறதால வருது! ருக்கு, நீ எதுக்கு இங்க குந்திக்கிட்டு இருக்க? வளையல் சத்தம், பொடவை சத்தம்!”

ருக்குவின் பொறுமை அந்த இடத்தில் அறுந்தது.

“ஒங்க பொட்டி ஒறுமுறதுக்கு எம்பொடவைதான் காரணமா? காலையிலேர்ந்து வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். வானம் திரும்பக் கறுக்குது. ஒங்க சத்தம் நின்னா நிக்கட்டும், நிக்காட்டி போகட்டும். எம்புள்ளைக்குத் துணி காயணும்.”

விறுவிறுவென்று வெளியே போனாள். ஸ்டூல் இழுபடுவது கேட்டது. கம்பியின் சுருள் பிரிவது கேட்டது. கொக்கி தகரத்தில் ‘டக்’கென்று மாட்டுவதும் கேட்டது.

உறுமல் நின்றது.

கப்பல் தந்தியும் பட்டென்று அறுந்தது. ரேடியோ இருக்கிறதா செத்துவிட்டதா என்று தெரியாத அமைதி. இந்திராணி மெதுவாகக் கிட்டாரின் ஒரு தந்தியை மீட்டினாள். தண்ணீரில் விட்ட எண்ணெய்த் துளி மாதிரி அந்த ஒரு ஸ்வரம் அறை முழுக்க விரிந்தது.

“ருக்கு!” என்று அலறினான் பழனிசாமி. “என்ன பண்ணின?”

“கொடி கட்டினேன். அதுக்கு இப்ப என்ன, தூக்குல போடுவீங்களா?” என்று வெளியிலிருந்து பதில் வந்தது. “வேண்டாம்னா அவுத்துட்டேன், போதுமா?”

‘டக்’. ம்ம்ம்ம்ம்ம். கீ கீக் கீ.

“அவுக்காதே! அவுக்காதேடி! தாயே, மாட்டு, மாட்டு!”

‘டக்’. அமைதி.

அவன் வாசற்படிகளைத் தாண்டிக் குதித்து ஓடினான். ஸ்டூலின் மேல் ருக்கு இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். இந்த ஆளுக்கு நிஜமாகவே புத்தி பேதலித்துவிட்டதோ என்கிற பயம் அவள் முகத்தில். பழனிசாமி அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான். கொக்கியைப் பார்த்தான். கொக்கியிலிருந்து கம்பி வழியாகவே நடந்து போய்த் தண்டவாளத்தைப் பார்த்தான். அது இறங்கியிருந்த சேற்றைப் பார்த்தான். பிறகு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தான்.

மரக்கால்களின் மேல் நிற்கிற மரவீடு. சுவர் பலகை, தரை பலகை, தூண் மரம். அதன் தலையில் தகரம். மண்ணுக்கும் தகரத்துக்கும் நடுவே எங்கேயும் ஒரு சொந்தமும் இல்லை. ஊர் கரண்டையே விழுங்கும் என்று அவன் ஊருக்கெல்லாம் காட்டிய எர்த்து, ஆகாயத்தில் போய் முடிந்திருந்தது. இத்தனை நாளும் அந்தத் தகரத்தைப் பூமியோடு சேர்த்து வைத்திருந்தது ருக்குவின் கொடிக்கம்பி ஒன்றுதான். காலையில் அதைக் கழற்றிய நிமிஷமே கூரை முழுவதும் ஏரியலாகி, ஊரிலும் கடலிலும் போகிற வருகிற இரைச்சலையெல்லாம் வாரிக் கிட்டாருக்குள் கொட்டியிருக்கிறது. சத்தமே வேண்டாமென்று ஒவ்வொன்றாக ஒழித்தவன், சத்தத்தை அடக்கி வைத்திருந்த கம்பியையும் சேர்த்து ஒழித்துவிட்டான்.

இந்திராணி வாசலில் வந்து நின்றாள். “என்னண்ணே, பவர்ஹவுஸா?”

பழனிசாமி வாயைத் திறந்தான். பவர்ஹவுஸ் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

“பவர்ஹவுஸ் இல்லம்மா. நாந்தான்” என்றான். “கொடிய அவுத்தது நாந்தானே. நான் குடுத்தது எர்த்தே இல்ல. இவ குடுத்ததுதான் எர்த்து.”

ருக்குவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கட்டியவன் ஒரு தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்வதைக் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகக் கேட்டாள். ஸ்டூலிலிருந்து இறங்கக்கூட மறந்து நின்றாள்.

“கொக்கி கிறீச்சுனு சத்தம் போடுமேண்ணே” என்றாள் இந்திராணி.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. கம்பி ஆடியது. கொக்கி கிறீச்சிட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று பேர் கண்ணும் ஈரத்துணிக் கூடையில் போய் நின்றது.

அதற்கப்புறம் நடந்ததைப் பொன்னம்மா ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். துணி உலர்த்துவது என்றால் என்னவென்றே தெரியாத பழனிசாமி, ஈரத்துணியைப் பிழியாமலேயே கொடியில் அள்ளி அள்ளிப் போட்டான். குழந்தைத் துணி, ருக்குவின் புடவை, இந்திராணியின் பாவாடை, தன் வேட்டி, கடைசியில் ஒரு கனத்த ஜமக்காளம். பாரம் தாங்காமல் கம்பி தொய்ந்து விறைத்தது. காற்று இன்னொரு தடவை வந்து இழுத்துப் பார்த்தது. கம்பி அசையவில்லை, கொக்கியும் வாயைத் திறக்கவில்லை.

“பஸ், போதும்” என்றான் பழனிசாமி. “உள்ள வாங்க. வாசிம்மா.”

அவள் வாசித்தாள். முதலில் மோகனத்தில் தானே அமைத்து வைத்திருந்த ஒரு நிதானமான மெட்டு. அடுத்தது, விசாலாட்சி அம்மாள் கேட்டிருந்தபடி, கை வேகத்தைக் காட்டுகிற ஒன்று. பழனிசாமி சுவரோரமாய்ச் சப்பணமிட்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை அப்படி உட்காரச் சொல்லவில்லை. தன் தொண்டையின் மேல் அவனுக்கே நம்பிக்கை இல்லை. இருமல் வந்துவிடுமோ, தும்மல் வந்துவிடுமோ, மழை வந்துவிடுமோ, எங்கேயாவது ஏதாவது டிரம் நிரம்பிவிடுமோ என்று அவன் பட்ட பாட்டில் அவள் என்ன வாசித்தாள் என்பதே காதில் ஏறவில்லை. டேப் சுற்றுவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். திரண்டிருந்த மேகம் அதற்குள் மனம் மாறி வேறெந்தத் தீவுக்கோ போய்விட்டது.

கடைசி ஸ்வரம் அடங்கியதும் இந்திராணி ரிக்கார்டரை நிறுத்தினாள்.

மெட்ராஸிலிருந்து தீபாவளிக்கு முன்னாலேயே ‘உடனே புறப்படவும்’ என்று தந்தி வந்துவிட்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்கள் பதைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியாது. துரைசாமி வருகிற நேரம் ஆகிவிட்டது. டேப்பில் என்ன விழுந்திருக்கிறதோ என்று கேட்டுப் பார்க்க மட்டும்தான் நேரம் இருந்தது, இன்னொன்று பதிய நேரமில்லை.

“நீ கேட்டுச் சொல்லுண்ணே” என்றாள் இந்திராணி. “எனக்குக் கேக்கப் பயமா இருக்கு. ஒனக்குத்தான் எரைச்சல் கண்டுபிடிக்கிற காது. எங்கயாச்சும் துளி இருந்தாலும் சொல்லிரு, மறைக்காத.”

டேப்பைப் பின்னால் சுற்றி ஓட விட்டாள். பழனிசாமி கண்ணை மூடிக்கொண்டு ரிக்கார்டருக்குப் பக்கத்தில் காதை வைத்தான். உறுமலைத் தேடினான். தந்திச் சத்தத்தைத் தேடினான். கோழியை, கொக்கியை, தன் குரலையே தேடினான். மோகனம் ஆரம்பித்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரும்பு வழுக்கிப் போகிற இடத்தில், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மனுஷக் குரல் மாதிரி அது குழைந்தது. இத்தனை வருஷம் அடுத்த அறையில் வாசித்துக்கொண்டிருந்தவள் இவள்தானா? ஆபீசிலிருந்து வந்ததும் ‘கிட்டார எடும்மா, ரேடியோல நியூஸ் கேக்கணும்’ என்று அவன் நிறுத்தச் சொன்னது இதையா? வேகமான மெட்டு வந்தது. அதுவும் முடிந்தது. டேப் ஓடிப்போய் வெறும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பழனிசாமி கண்ணைத் திறக்கவில்லை. இமையோரத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

“என்னண்ணே?” இந்திராணி ரிக்கார்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “எரைச்சல் இருக்கா?”

“தெரியலம்மா” என்றான் பழனிசாமி. “நான் பாட்டக் கேட்டுட்டேன்.”